புதுப்பிப்பு: டிரெய்லர் இன்வெர்ட்டருக்கு ஃபியூஸ் போட்டாச்சு

12 வோல்ட் லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், எந்த இடத்தில் என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது.

2000-ஐ 12-ஆல் வகுத்து 167 ஆம்பியர் என்று நினைத்திருந்தேன். தப்புக் கணக்கு. இன்வெர்ட்டரில் வீணாகும் 10 சதவீதம், லோடில் 11 வோல்ட்டுக்கு இறங்கும் பேட்டரி, இரண்டையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டுகிறது. அதனால் 95 சதுர மி.மீ. செம்பு ஒயர், 250 ஆம்பியர் ஃபியூஸ். அதுவும் கிளாஸ் T (Class T) வகை. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், மலிவான ஃபியூஸ் அதைத் துண்டிக்காமல் போகலாம்.

அப்புறம், இன்வெர்ட்டர் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் இடத்தைப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 18 செ.மீ.க்குள் மாற்றினேன். ஒயர் இரும்புச் சட்டத்தில் உரசினால் காக்க வேண்டியது ஒயரைத்தானே!

முழு லோடில் ஓட்டியபோது ஒரு லக் (ஒயர் முனையில் நட்டு போட்டு மாட்டும் உலோகத் துண்டு) மட்டும் சுட்டது. நட்டை நான்தான் சரியாக முறுக்கவில்லை.