பூவைப் பிரித்துப் பார்த்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

மாடித்தோட்டம்:
மகளுடைய 11-ஆம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுக்குச் சங்குப்பூ கேட்டாள். பறித்துக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெரிதாக விரிந்திருப்பது கொடி இதழ், அதை ஒட்டி இரண்டு சிறகு இதழ்கள், நடுவில் சின்னதாக இரண்டு படகு இதழ்கள். படகைப் பிரித்தால் 10 மகரந்தத்தாள்கள். அதில் 9 ஒரே கற்றையாகச் சேர்ந்திருக்க, ஒன்று மட்டும் தனி. பூவின் அமைப்பைக் குறியீடுகளால் எழுதும் மலர் சூத்திரத்தில் இதை (9)+1 என்று எழுதுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருந்தால் ஒன்றோடொன்று இணைந்தவை என்று அர்த்தமாம். அவரை, பட்டாணிப் பூக்களில் கொடி இதழ் மேலே நிற்கும், சங்குப்பூவில் அது கீழ்ப்பக்கம் இருக்கிறது. பூவே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று மகள்தான் சொன்னாள். இத்தனை வருஷம் பூஜைக்குப் பறித்தும் நான் கவனித்ததில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

அடுக்களைக்காரி:
எனக்கு வாழைப்பூதான் பாடம். ஆயும்போது ஒவ்வொரு பூவிலும் இரண்டை எடுத்துப் போடுவோம் இல்லையா? குண்டுத் தலையோடு விறைப்பாக நிற்கும் நரம்பு, எங்கள் வீட்டில் அதைக் கள்ளன் என்போம், சூல்தண்டும் சூல்முடியும் சேர்ந்தது. கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும் இன்னொன்று, மற்ற ஐந்தோடு சேராமல் தனியாக நிற்கும் ஆறாவது பூவிதழ். குலையில் சீப்பாக மாறுபவை பெண் பூக்கள். நாம் சமைக்கும் மொட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை காய்க்காது.

கல்லூரியில் தாவரவியல் படித்த என் நாத்தனார் இதைவிட நல்ல ஒன்றைக் காட்டினார். கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி காம்புப் பக்கம் இருக்கிறது. கொய்யாவிலும் மாதுளையிலும் கிரீடம் காம்புக்கு எதிர் முனையில் இருக்கிறது. இரண்டுமே புல்லிவட்டம்தான், அதாவது மொட்டை மூடியிருக்கும் வெளி வட்டம். பூவில் காயாக மாறும் பகுதிதான் சூற்பை. புல்லிக்கு மேலே சூற்பை உட்கார்ந்திருந்தால் மேல்மட்டச் சூற்பை, அது கத்தரி. சூற்பையின் தலையில் புல்லி நின்றால் கீழ்மட்டச் சூற்பை, அது கொய்யா. வாழையும் இந்த இரண்டாவது வகை. பழத்தின் நுனியில் கறுப்பாக இருப்பது பூ உதிர்ந்த தழும்பு. பூ போய் எத்தனை நாளானாலும் காயைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போதெல்லாம் காய்கறிக் கடையில் நின்று காம்பையும் நுனியையும் திருப்பிப் பார்க்கிறேன், கடைக்காரர் சொத்தை தேடுகிறேன் என்று முறைக்கிறார்.

வேலியோரம்:
காகிதப்பூவைச் சொல்லாமல் விடலாமா? நிறமாக இருக்கும் மூன்றும் பூவடிச் செதில்கள், அதாவது இலையின் வகை. ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் குழல் போல் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைதான் பூ.

உலர்தாவரம்:
கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரக் காப்பகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். அழுத்திக் காயவைத்த செடிகளில் பூவின் நிறம் போய்விடும். அதனால்தான் பறிக்கும்போதே நிறம், மணம், செடியின் உயரம் எல்லாவற்றையும் குறிப்புச் சீட்டில் எழுதச் சொல்வார்கள். மகரந்தத்தாள் எத்தனை, எதோடு ஒட்டியிருக்கிறது, சூற்பைக்குள் எத்தனை அறை என்பதெல்லாம் காய்ந்தாலும் மாறாது. காய்ந்த பூவை வெந்நீரில் போட்டால் இளகிவிடும், அப்புறம் ஊசியால் பிரித்து லென்ஸில் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் மகரந்தத்தாள்களை வைத்தே செடிகளை வகுப்புகளாகப் பிரித்தார். அந்த வகைப்பாடு இன்று வழக்கில் இல்லை, ஆனால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

மாடித்தோட்டம்:
நன்றி அக்கா, கொய்யாவை இன்றே பார்க்கிறேன். மகளுக்கு அடுத்தது ஊமத்தையாம்.

உலர்தாவரம்:
ஊமத்தை என்றால் காயையும் சேர்த்துப் பறியுங்கள் சார். புல்லிக்குழாயின் அடிப்பகுதி மட்டும் உதிராமல் காய்க்குக் கீழே வளையமாக மடங்கி நிற்கும், படம் வரைய வசதி. செடி முழுக்க விஷம், அதனால் பிள்ளையை வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கண்ணில் கை வைக்கக் கூடாது.