1/6 பேட்மேன்: பெட்டியிலேயே இருந்தா விலை கூடுமா? போஸ் கொடுத்தா குறையுமா?

பாளை_வௌவால்
நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒருத்தர் 1/6 பேட்மேன் பொம்மை (நிஜ ஆள் உயரத்துல ஆறுல ஒரு பங்கு) விலைக்குக் கொடுக்கார். ரப்பர் சூட், உள்ள கம்பி வச்ச துணி கேப் (முதுகுல தொங்குற அங்கி), பியு லெதர் (பாலியூரித்தேன் பூசின செயற்கைத் தோல்) பெல்ட், எல்இடி ஸ்டாண்ட். ஆறு வருஷமா பெட்டியை விட்டு எடுக்கவே இல்லயாம், அதனால 24,000 ரூபா சொல்லுதார். வாங்கினா மாடி விளிம்புல குந்தியிருக்க மாதிரி நிறுத்த ஆசை. விலை சரியா? சூட் தாங்குமா?

பெட்டிக்காரன்
விலை சரிதான் தம்பி. வெளி பிரவுன் அட்டைப்பெட்டி, அச்சுப் பெட்டி, உள் ட்ரே மூணும் இருக்கணும். கையை மணிக்கட்டுல மாட்டுற ஆணி, மாற்றுக் கைகள், ஸ்டாண்ட் எல்லாத்தையும் விளக்கத்தாள்ல உள்ள படத்தோட ஒண்ணொண்ணா சரிபாரும். 2020 பட்ஜெட்ல பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. வெளிநாட்டு விலையை வச்சு இங்க பேரம் பேச முடியாது. வாங்குனதும் அப்படியே பெட்டியில வையும். ஒரு தடவை போஸ் கொடுத்தா அக்குள்ல பெயின்ட் உரசும், மணிக்கட்டு தளரும், விலை இறங்கும்.

சாரல்காத்து
என்னவே, பெட்டியை இரும்புப் பெட்டகம்னு நெனச்சீரா? பியு லெதரைக் கெடுக்கிறது கை இல்ல, காத்துல உள்ள ஈரம். பூச்சோட பிணைப்பை ஈரம் உடைக்கும். சூடு கூடக் கூட வேகமா உடைக்கும். சித்திரை வெயில்ல காயுத மச்சு ரூம், பெறவு ஐப்பசி கார்த்திகை மழை. இந்த ஊர்ல பெட்டிக்குள்ள இருக்கிற பெல்ட்டும் உரியும். வெளிய இருந்தா கண்ணுலயாவது படும். இன்னொண்ணு, சூட்டைச் சுத்தியிருக்க பிளாஸ்டிக் தாள் வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்தா ரப்பர்ல பிசுபிசுப்பு ஏறும், பெயின்ட் தாள்ல ஒட்டி வரும். "எடுக்கவே இல்ல"ன்னா "பாக்கவே இல்ல"ன்னு அர்த்தம். அதுக்கு 24,000-ஆ?

பெட்டிக்காரன்
ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டா தீந்துது.

சாரல்காத்து
போட்டுட்டு மறந்துட்டா அதுவும் வெறும் மணல்தான். நிறம் மாறுற வகையா வாங்கி, மாறினதும் சூடு காட்டிக் காய வைக்கணும். கண்ணாடி அலமாரியில சின்ன ஹைக்ரோமீட்டர் (காத்து ஈரம் அளக்குற கருவி) வச்சு ஈரத்தை 50 சதவீதத்தை ஒட்டி வச்சுக்கிட்டாப் போதும். தூத்துக்குடி, குற்றாலம் பக்கம்னா இன்னும் கவனம்.

கேமரா_முருகன்
போஸ் கேள்விக்கு வாரேன். ரப்பர் சூட்டுக்கு நிரந்தரக் குந்தல் ஆகாது. மடக்குன இடத்துல வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் கசங்கும். கோரைப்பாயை மடிச்சு வச்சா மடிப்புலயே முறியுத மாதிரி முழங்கால், முழங்கை, தொடை இடுக்கு மூணுலயும் கிழியும். போதாததுக்கு ரப்பர் எப்பவும் நிமிர்த்தப் பாக்கும், உள்ள உள்ள மூட்டு அதோட மல்லுக்கட்டித் தளரும். படம் எடுக்க அரை மணி நேரம் குந்த வையும், உடனே நிமித்திரும்.

அலமாரிக்கு நிற்கிற போஸ். அதைக் கீழயிருந்து கட்டணும். முதல்ல பாதம், உள்ளங்கால் முழுசும் தரையில படியணும். எடை ஒரு கால்ல. அந்தப் பக்க இடுப்பு லேசா ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். தலை நெஞ்சு திரும்பின பக்கமே திரும்பினா பொம்மை மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பினா ஆள் மாதிரி. கண் மட்டத்துக்குக் கீழ வைக்கிறதா இருந்தா முகவாயைத் தூக்கி விடும், இல்லன்னா முகமூடி நெத்திதான் தெரியும். கேப் கம்பியை ஒரே இடத்துல கூரா வளைக்கப்பிடாது. முறிஞ்ச நுனி ஓரத்தையலைக் குத்திட்டு வெளிய வரும். ரெண்டு கையாலயும் பெரிய வளைவாக் கொண்டு போகணும்.

கை மாத்தும்போது ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல 20-30 விநாடி காட்டி, லேசாத் திருகிக்கிட்டே நேரா இழும். பக்கவாட்டுல ஆட்டினா ஆணி உள்ளுக்குள்ள முறியும். ஸ்டாண்ட் கவ்வி பெல்ட்டுல படாம இடுப்புக்குக் கீழ இருக்கட்டும், கம்பிக்கு மெல்லிய துணி சுத்தும்.

பெட்டிக்காரன்
பாத்தீரா, இவ்வளவு பத்தியம் இருக்கு. அதான் எடுக்காதீரும்னேன். விக்கும்போது "டிஸ்ப்ளே பண்ணது"ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாங்குறவன் பேரத்தை அங்கயிருந்துதான் ஆரம்பிப்பான்.

சாரல்காத்து
உலோக அயர்ன் மேனுக்கு நீரு சொல்லுதது கொஞ்சம் செல்லும். கனம் ஜாஸ்தி, இடுப்பு மூட்டு தளரும், தொடையில பெயின்ட் சிராயும். ரப்பர், பியு பொம்மைக்கு உறையில இருக்கிற வயசும் வயசுதான். புதுப் பதிப்பு அறிவிச்சா பழசோட விலை சரியும், அதுக்குப் பெட்டி காவல் நிக்குமா? விலைக்கு ஆதாரம் விளம்பரத்துல கேட்கிற தொகை இல்ல, வித்து முடிஞ்ச தொகை.

பாளை_வௌவால்
அண்ணாச்சிமாரே, அப்ப நேர்ல போயி என்னத்தப் பாக்க?

கேமரா_முருகன்
பகல் வெளிச்சத்துல பாரும். பெல்ட்டை வளைக்காம நகத்தால மெல்லத் தொடும், பொடி ஒட்டினா உரிய ஆரம்பிச்சாச்சு. சூட்ல அக்குள், முழங்கால் பின்பக்கம், கழுத்து விளிம்பு. ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி ஒரு நிமிஷம் விடும். இறங்கினா மூட்டு தளர்ச்சி, சூட்டுக்குள்ள இருக்கதைச் சரிபண்ண வழியில்ல. தலை நகலான்னு பாக்க காது, உதட்டு ஓரம். நகல்ல விளிம்பு மழுங்கி இருக்கும். ஸ்டாண்ட் பேட்டரி அறையைத் திறக்கச் சொல்லும். உள்ள பச்சை, வெள்ளைப் பொடி இருந்தா கசிஞ்சிருக்கு. ரப்பர் பளபளன்னு இருந்தா சந்தேகப்படும், எண்ணெய் தடவியிருப்பாங்க. தேங்காண்ணெய் பட்டா ரப்பர் ஊதும், பெயின்ட் கழலும்.

சாரல்காத்து
பிரிக்கவே விடலன்னா, பெல்ட் உரிஞ்சிருக்குன்னு வச்சே விலை கேளும். நான்னா 16,000-க்கு மேல ஏற மாட்டேன்.

பெட்டிக்காரன்
16-க்கு ஒருத்தனும் தரமாட்டான். பிரிச்சுக் காட்டி பெல்ட் நல்லாயிருந்தா 22. அதுக்குக் கீழ கேட்டா ஆளு வேற இடம் பாப்பார்.

பாளை_வௌவால்
ஞாயித்துக்கிழமை பிரிச்சுக் காட்டச் சொல்லியிருக்கேன். பெல்ட் படத்தை இங்கயே போடுதேன்.