பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது, அவசர உதவி தேவை

கோவைக்காரன்:
நண்பர்களே, ஞாயிறன்று காரில் ஆம்ப்ளிஃபயரும் 12 அங்குல சப்வூஃபரும் (பேஸ் எனும் அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) நானே மாட்டினேன். ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றினால் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்குகிறது. சற்று நேரத்தில் ஆம்ப் தானாகவே அணைந்துவிடுகிறது. வயர் சரியானதுதான், 4-ஆம் நம்பர். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்ப வேண்டும். பேட்டரியை மாற்ற வேண்டுமா?

வயர்முனை:
என்ன கார்? ஆம்ப் எத்தனை வாட்? பேட்டரியிலிருந்து டிக்கி வரை எத்தனை மீட்டர்? ஃபியூஸ் எங்கே இருக்கிறது? எர்த் (மின்சாரம் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) எங்கே கொடுத்தீர்கள்? இதில் ஒன்றையும் சொல்லாமல் பேட்டரியை மாற்றவா என்றால் என்ன சொல்வது?

பேஸ்பிரியன்:
யோசிக்கவே வேண்டாம், 1 ஃபாரட் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தருவது; ஃபாரட் அதன் அளவு) வாங்கிப் போடுங்கள். என் காரிலும் இதே தொல்லைதான். போட்ட அன்றே தீர்ந்தது.

கோவைக்காரன்:
டீசல் கார். பெட்டியின் மேல் 1200 வாட் என்று இருக்கிறது. வயர் 5 மீட்டர். மற்றதெல்லாம் சரியாகவே செய்திருக்கிறேன்.

செம்புக்கம்பி:
1200 வாட்டா! தம்பி, பெட்டியின் மேல் அச்சடிக்கக் காசா பணமா? ஆம்பின் பக்கவாட்டில் எத்தனை ஃபியூஸ் செருகியிருக்கிறது என்று பாருங்கள், அது பொய் சொல்லாது. 3/20, 7/20 என்று இழையை எண்ணி வயர் வாங்கிய காலத்து ஆள் நான். இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கும் வழக்கம்தான் ஒருவருக்கும் இல்லை.

கோவைக்காரன்:
இரண்டு ஃபியூஸ் ஐயா. இரண்டிலும் 30.

செம்புக்கம்பி:
ஆக, 60 ஆம்பியர். 13.5 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 810 வாட். கிளாஸ் ஏபி என்ற வகை ஆம்ப் என்றால் அதில் 60 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகும். 500-ஐத் தொடாது. மிச்ச 700 வாட்டும் அட்டைப் பெட்டியிலேயே தங்கிவிட்டது போலும்.

பொன்னிநதி:
எனக்கு வயர் மேல்தான் சந்தேகம். செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். அதே தடிமனுள்ள செம்போடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும்.

பேஸ்பிரியன்:
எதுவாக இருந்தாலும் கெபாசிட்டர் சமாளித்துவிடும்.

செம்புக்கம்பி:
13.5-லிருந்து 12.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது 1 ஃபாரட் தருவது 13 ஜூல். 650 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் காணும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பேஸ்பிரியன்:
உங்கள் கணக்கு உங்களிடமே இருக்கட்டும். என் காரில் நின்றது, அவ்வளவுதான்.

பொன்னிநதி:
கெபாசிட்டர் மாட்டும்போது எர்த்தையும் புதிதாகக் கொடுத்திருப்பீர்களே? நின்றது அதனால் இருக்கலாம்.

பேஸ்பிரியன்:
கொடுத்தேன்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோவைக்காரன்:
அசல் செம்புதான். வீடு கட்டியபோது ஏ.சி.க்கு இழுத்ததில் மிச்சம். ஆம்ப் விற்றவர் 4 வேண்டும் என்றார், வீட்டில் 4 இருந்தது. ஒன்றரை டன் ஏ.சி.யைத் தாங்குகிற வயர் ஒரு பாட்டுப் பெட்டியைத் தாங்காதா?

வயர்முனை:
வயரின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது? அப்படியே எழுதுங்கள்.

கோவைக்காரன்:
4 சதுர மி.மீ., 1100 வோல்ட்.

வயர்முனை:
அந்த வயரை இப்போதே பேட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு மேலே படியுங்கள்.

ஆம்ப் விற்றவர் சொன்னது 4 கேஜ் (வயர் தடிமனுக்கான வேறொரு அளவுமுறை). அது 21 சதுர மி.மீ. நீங்கள் போட்டது அதில் ஐந்தில் ஒரு பங்கு. கேஜில் எண் குறையக் குறைய வயர் தடிக்கும், சதுர மி.மீ.யில் எண் ஏற ஏறத் தடிக்கும். 230 வோல்ட்டில் ஓடும் ஏ.சி.க்கு ஏழெட்டு ஆம்பியர் போதும். அதே வாட்டை 12 வோல்ட்டில் கேட்டால் 19 மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். உங்கள் 5 மீட்டரில் 50 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும், கார் கம்பளத்துக்கு அடியில் 50 வாட்டுக்கு மேல் சூடு. வோல்ட் போதாமல்தான் ஆம்ப் அணைகிறது என்று நினைக்கிறேன். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? அது வயரைக் காப்பாற்றத்தான், ஆம்பை அல்ல. 4 சதுர மி.மீ. வயரில் 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் முதலில் உருகுவது வயர்தான்.

செம்புக்கம்பி:
ஆம்ப் அணைவதற்கு அது பொருந்தும். ஹெட்லைட்டுக்கு அந்த வயர் வழியாகவா மின்சாரம் போகிறது? அதற்கு, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவைக்காரன் (வெள்ளி காலை):
25 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் வாங்கிப் போட்டேன், எர்த்துக்கும் அதே. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டிருந்தேன், அதையும் சுரண்டினேன். பழைய வயர் சீட்டுக்கு அடியில் வளையும் இடத்தில் சிவப்பு உறை பழுப்பாகி, தொட்டால் விரலில் ஒட்டியது. ஆம்ப் இப்போது அணைவதில்லை. வண்டி நிற்கும்போது மட்டும் லைட் லேசாக மங்குகிறது. கிளம்புகிறோம், நன்றி.

பேஸ்பிரியன்:
அந்த மங்கலுக்குத்தான் கெபாசிட்டர் என்றேன்.

வயர்முனை:
ஃபியூஸை எங்கே வைத்தீர்கள் என்று கடைசி வரை சொல்லவில்லையே?