புதுப்பிப்பு: ஆஸ்திரேலியாவுக்கான பி.எட். தகுதி மதிப்பீடு

கிருஷ்ணகிரியில் கணித ஆசிரியராக இருக்கும் நான், நம் பி.எஸ்சி., பி.எட். பட்டங்கள் ஆஸ்திரேலியாவில் ஏற்கப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். குடியேற்றத்துக்கான தகுதி மதிப்பீடு எனக்குச் சாதகமாக வந்துவிட்டது.

ஏ.ஐ.டி.எஸ்.எல். என்ற மதிப்பீட்டு நிறுவனம் ஆசிரியப் பயிற்சியையும் சேர்த்துக் குறைந்தது நான்கு ஆண்டு முழுநேர உயர்கல்வியைக் கேட்கிறது. ஆகவே, தம் பழைய ஓராண்டு பி.எட். போதுமா என்று விசாரித்த தருமபுரி அக்காவுக்கும் மூன்றாண்டுப் பட்டத்துடன் சேர்ந்து ஆண்டுக் கணக்கு சரியாகிவிடும்.

என்னை அலைக்கழித்தது கற்பித்தல் பயிற்சிச் சான்றுதான். மேற்பார்வையுடன் குறைந்தது 45 நாள் வகுப்பெடுத்திருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலிலோ வெறும் மதிப்பெண்தான் இருக்கிறது. நாள்களின் எண்ணிக்கையையும் எந்த வகுப்புகளுக்குக் கற்பித்தோம் என்பதையும் குறிப்பிட்டுக் கல்லூரியின் கடிதத்தாளில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தே பழகிய அலுவலகத்துக்கு இதைப் புரியவைக்கப் பொறுமை வேண்டும்; மாதிரிக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் வேலை எளிதாகும்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் வாசிப்பு, எழுத்துக்கு 7, கேட்டல், பேச்சுக்கு 8 தேவை.

இந்த மதிப்பீடு வகுப்பறைக்குள் நுழைவதற்கான உரிமம் ஆகாது. அதற்கு அந்தந்த மாநிலத்தில் தனியே பதிவு செய்ய வேண்டும். விக்டோரியா மாநிலப் பதிவுக்கான ஆவணங்களை இப்போது திரட்டி வருகிறேன்.