28 மாதக் காரில் எஞ்சின் மவுண்ட் போனால் வாரண்டி கிடையாதா?

திண்டுக்கல்வாசி:

வணக்கம் நண்பர்களே. கார் வாங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. 1.2 லிட்டர் பெட்ரோல், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர். ஓடியது 31,400 கிலோமீட்டர். வாரண்டி மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாதத்தில் ஏழெட்டு நாள் வேலைக்காக மதுரை போய் வருவேன். மற்றபடி ஊருக்குள் ஓட்டம்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் கொடைரோடு டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது முதலில் கவனித்தேன். ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் ஸ்டியரிங் நடுங்கியது. கப் ஹோல்டரில் இருந்த எவர்சில்வர் பாட்டிலின் மூடி கடகடவென்று ஆடியது. ஏசியை நிறுத்தினால் அடங்கிவிட்டது. அப்புறம் ரிவர்ஸ் போட்டு கிளட்சை விடும்போதெல்லாம் காலுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம்.

அடுத்த சர்வீஸில் அட்வைசரிடம் சொன்னேன். "மூணு சிலிண்டர் வண்டி இப்படித்தான் சார் இருக்கும்" என்றார். நம்பிவிட்டேன். ஜாப் கார்டில் (நாம் சொல்லும் குறைகளை சர்வீஸ் சென்டரில் எழுதும் தாள்) அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

போன வாரம் வீட்டுப் பக்கத்து மெக்கானிக் பானெட்டைத் திறந்து மொபைல் டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற வலதுபக்க மவுண்டின் அடியில் கறுப்பாக ஒரு ஈரக்கோடு. அதன் மேல் தூசி ஒட்டி மை தடவியதுபோல் இருந்தது. விரலை வைத்தால் வழுக்கியது. "உள்ள இருக்கிற திரவம் கசிஞ்சிருச்சு" என்றார். சர்வீஸ் சென்டரிலும் மவுண்ட் போய்விட்டது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ரப்பர் பாகமாம், தேய்மானக் கணக்கில் வருமாம், வாரண்டி கிடையாதாம். கூலியோடு 6,850 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். மாற்ற வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

பணம் புரட்டிவிடலாம். ஆனால் கார் கடனில் இன்னும் 32 தவணை பாக்கி இருக்கும்போதே எஞ்சினைத் தாங்குகிற பாகம் தேய்மானம் என்றால் வாரண்டி எதற்குத்தான் என்ற கேள்வி தூங்கவிடவில்லை. இதை இப்படியே ஓட்டலாமா? வெளியில் மாற்றினால் மீதி வாரண்டியும் போய்விடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:

தம்பி, 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வெறும் ரப்பர் மவுண்ட் இல்லை, ஹைட்ராலிக் மவுண்ட். ரப்பருக்குள் இரண்டு அறை, நடுவில் ஒரு குறுகிய வழி, உள்ளே கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் கலந்த திரவம். எஞ்சின் ஆடும்போது திரவம் அந்த வழியாக அங்கும் இங்கும் போய் ஆட்டத்தை அடக்கும். திரவம் வெளியே வந்துவிட்டால் வெற்று ரப்பர் மட்டும்தான் மிச்சம். மூன்று சிலிண்டருக்கு இயல்பாகவே கொஞ்சம் அதிர்வு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதை உங்கள் கைக்கு வராமல் பிடிக்கத்தான் அந்த மவுண்டை வைத்திருக்கிறார்கள். வாங்கிய புதிதில் இல்லாத நடுக்கம் பிறகு வந்தால் சிலிண்டர் எண்ணிக்கையைக் காரணம் சொல்லக் கூடாது.

தேய்மானத்துக்கும் பழுதுக்கும் வித்தியாசம் உண்டு. பிரேக் பேட் தேய்வதற்கென்றே செய்த பொருள், ஓட ஓடக் குறையும். மவுண்ட் அப்படி இல்லை. ஒழுங்கான மவுண்ட் இதைப்போல் மூன்று மடங்கு தூரம் தாங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். 31,000-இல் திரவம் கசிந்தால் நான் அதைப் பழுது என்றுதான் சொல்வேன். ஒன்று மட்டும் பாருங்கள்: மேலே எங்கிருந்தாவது எஞ்சின் ஆயில் ஒழுகி மவுண்ட் மேல் விழுகிறதா? ஆயில் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். அப்படியிருந்தால் அந்த ஒழுகலையும் சேர்த்து எழுத வையுங்கள், இல்லாவிட்டால் புது மவுண்டும் அதே வழியில் போகும்.

ஓட்டுவது பற்றி. நாளைக்கே எஞ்சின் கீழே விழுந்துவிடாது, பயப்படாதீர்கள். உங்கள் மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் மூன்று இடத்தில் தாங்கியிருக்கும்: வலதுபக்கம் எஞ்சின் மவுண்ட், இடதுபக்கம் கியர்பாக்ஸ் மவுண்ட், கீழே டார்க் ராட் (torque rod), அதாவது எஞ்சின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிக்கிற தண்டு. ஒன்று போனால் அதன் பாரம் மற்ற இரண்டின் மேல் ஏறும். சைலன்சர் குழாயின் வளையும் பகுதி, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட் எல்லாம் சேர்ந்து அடி வாங்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். அதுவரை கிளட்சை மெதுவாக விடுங்கள், ஸ்பீட் பிரேக்கரில் நிதானமாக ஏறி இறங்குங்கள்.

வெளியில் மாற்றினால் மொத்த வாரண்டியும் போகும் என்பதில்லை. ஆனால் அந்தப் பாகத்துக்கும், அதனால் வந்தது என்று அவர்கள் காரணம் காட்டக்கூடியதற்கும் சண்டை போட வேண்டிவரும். வாரண்டி இருக்கும்வரை வெளியே கை வைக்காதீர்கள். விலை குறைவு என்று கட்டி ரப்பர் மவுண்ட் போட்டால் நடுக்கம் இன்னும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காவிரிக்கரை:

எனக்கு இதே கதை இரண்டு வருடம் முன்னால் திருச்சியில் நடந்தது, அதனால் எழுதுகிறேன். முதலில் வாரண்டி புத்தகத்தில் 'வாரண்டியில் சேராதவை' என்ற பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். என் புத்தகத்தில் வைப்பர், பிரேக் பேட், கிளட்ச், பல்பு எல்லாம் பெயர் சொல்லிப் போட்டிருந்தது. மவுண்ட் இல்லவே இல்லை. அட்வைசர் வாயால் சொன்னதும் புத்தகத்தில் இருந்ததும் வேறு வேறு. உங்கள் புத்தகத்தில் 'ரப்பர் பாகங்கள்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் கொஞ்சம் சிக்கல்தான். அப்போது பட்டறைக்காரர் அண்ணா சொன்ன திரவக் கசிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை மறுபடி கொண்டுபோங்கள். குறையை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்: 'ஏசி போட்டால் ஐட்லிங்கில் ஸ்டியரிங் நடுங்குகிறது, ரிவர்ஸில் சத்தம், வலது மவுண்டில் கசிவு.' எழுதாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வாரண்டி மறுத்தால் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டவுடன் அட்வைசர் மேனேஜரிடம் போனார், மேனேஜர் கம்பெனிக்கு மெயில் போட்டார். அதுவரை 'முடியவே முடியாது' என்றவர்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மேலே போவதென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வண்டி விலை ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் 6,850 ரூபாய்க்கு அங்கே போவதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன், நாள் நிறையப் பிடிக்கும்.

சேலத்துக்காரன்:

சகோ, அடியில் எஞ்சின் கார்டு போட்டிருக்கிறீர்களா? என் வண்டியில் அந்தத் தகடு சப்ஃப்ரேமில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம்) உரசி இதே மாதிரி நடுங்கியது. இருந்தால் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள், அதைச் சாக்காகச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

திண்டுக்கல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. எஞ்சின் கார்டு இல்லை. ஆயில் ஒழுகலும் இல்லை, மேலே சுத்தமாகக் காய்ந்திருக்கிறது.

புத்தகத்தைப் படித்தேன். 'சாதாரணத் தேய்மானத்துக்கு உட்பட்ட பாகங்கள்' என்றுதான் இருக்கிறது, மவுண்ட் என்று எங்கும் இல்லை. காவிரிக்கரை சொன்னபடியே ஜாப் கார்டில் எழுத வைத்தேன். எழுதத் தயங்கினார்கள். அப்பாவும் கூட வந்திருந்தார், "எழுதுற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கோம்" என்று அமைதியாகச் சொன்னார். மறுப்பை எழுத்தில் கேட்டதும் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். 11-ஆம் நாள் அனுமதி வந்தது. மவுண்டை வாரண்டியில் மாற்றிவிட்டார்கள், கூலியும் வாங்கவில்லை. நேற்று டோல்கேட்டில் ஏசியோடு நின்றேன், ஸ்டியரிங் சும்மா இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. டார்க் ராட் ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது, அதை என் செலவில் 1,900 ரூபாய்க்கு மாற்றச் சொல்கிறார்கள். எட்டு மாதம் அந்தப் பாரத்தைச் சுமந்ததால் வந்ததா?

பட்டறைக்காரர்:

இருக்கலாம் தம்பி. மேலோட்டமான கீறல் என்றால் இப்போது மாற்ற வேண்டாம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்தால்தான் மாற்ற வேண்டும். பிரியவில்லை என்றால் 'டார்க் ராட் ரப்பரில் வெடிப்பு, கவனிப்பில்' என்று இன்றைய தேதியோடு ஜாப் கார்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது அல்லவா?