பழைய காணி உறுதியில் உள்ள ‘பூட்டிக்’ எந்தக் கடை?

வாவிக்கரை:
அன்பர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பின் புளியந்தீவில் எங்கள் பாட்டனாருக்கு இருந்த காணியின் ஆங்கில உறுதியை (உரிமைப் பத்திரத்தை), பிள்ளைகளும் வாசித்து விளங்கிக்கொள்ளும்படி தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1930களில் நொத்தாரிசு ஒருவர் எழுதிய அவ்வுறுதியில், வீதியோரக் கட்டடம் ‘பூட்டிக்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. அங்கே வெற்றிலை, சுருட்டு, மண்ணெண்ணெய், கருவாடு ஆகியவையே விற்கப்பட்டன என்று வீட்டார் சொல்வர். இன்றோ மணப்பெண் சேலை விற்கும் குளிரூட்டிய கடைகளும் கடலோர ஹோட்டல்களும் அதே பெயரைத் தாங்கி நிற்கின்றன. இரண்டும் ஒரே சொல்தானா? நமது பெட்டிக்கடைதான் ஆங்கிலேயர் வாயில் இப்படித் திரிந்தது என்று உறவினர் ஒருவர் சாதிக்கிறார்.

கல்லடிப்பாலம்:
ஒரே சொல்தான், ஐயா. ஆனால் பெட்டிக்கடைக்கும் அதற்கும் உறவில்லை. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வருவதற்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டிலேயே, பிரெஞ்சு மொழியில் அச்சொல் கடையைக் குறித்து வழங்கியது. அதன் வேர் கிரேக்கத்தின் ‘அப்போதேக்கே’. பொருள்களை ஒதுக்கி வைக்கும் களஞ்சியம் என்பது அதன் பொருள். அது இலத்தீன் வழியாகப் பல வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டது: இத்தாலியில் ‘பொத்தேகா’ என்று கைவினைஞரின் பட்டறையாயிற்று, ஸ்பானியத்தில் ‘பொதேகா’ என்று வைன் வைக்கும் நிலவறையாயிற்று, ஜெர்மனியில் ‘அப்போத்தேக்கே’ என்று மருந்துக்கடையாயிற்று, ஆங்கிலத்தில் ‘அப்பாத்திக்கரி’ என்று மருந்து விற்பவரையே குறித்தது.

நம் நாட்டு ஆங்கிலத்துக்கு அது வந்த வழி வேறு. 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி, இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் உள்ளூர்ச் சிறு கடைக்கு வழங்கிய சொல்லாக இதனைப் பதிந்து, போர்த்துக்கேயத்தின் ‘பொத்திகா’விலிருந்து வந்தது என்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டிய அதே புளியந்தீவில்தான் தங்கள் பாட்டனாரின் கடையும் இருந்திருக்கிறது. 1638இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்த பின்னரும் போர்த்துக்கேய மொழி இவ்வூரை விட்டு அகலவில்லை. ஐரோப்பிய வம்சாவளியினரான மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் வீடுகளில் அதன் கிரியோல் (கலப்பு மொழி) வடிவம் இன்னும் பேசப்படுகிறது. மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் என்று நாமும் அம்மொழியிடம் வாங்கியவை ஏராளம். இந்தப் ‘பொத்திகா’வை மட்டும் தமிழ் எடுத்துக்கொள்ளவில்லை, ‘கடை’ இருக்கையில் அதற்குத் தேவை ஏது?

வாவிக்கரை:
மிக்க நன்றி. எனினும் ஒரு ஐயம். இன்றைய போர்த்துக்கேயத்தில் ‘பொத்திகா’ என்றால் மருந்துக்கடை என்றே அகராதியில் காண்கிறேன். அப்படியானால் இங்கேயும் முதலில் மருந்துக்கடையைத்தானே குறித்திருக்க வேண்டும்?

கல்முனையூரான்:
இல்லை. ஆசியாவில் வழங்கிய பழைய போர்த்துக்கேயத்தில் அது எந்தச் சிறு கடைக்கும் பொருந்தியது. மருந்துக்கடை என்று குறுகிய பொருளைக் கொண்டு முற்காலத்தை அளக்கக் கூடாது. நம் நாட்டுப் பழைய தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டினால், சில்லறைக் கடைக்காரரையும் தேநீர்க் கடைக்காரரையும் ‘பூட்டிக் கீப்பர்’ என்றே நீதிபதிகள் எழுதியிருப்பதைக் காணலாம். அதில் ஏளனமும் இல்லை, பகட்டும் இல்லை.

பகட்டு வந்தது ஐரோப்பாவிலிருந்து. பாரிஸ் நகரின் பெரிய ஆடை வடிவமைப்பாளர்கள், அளவெடுத்துத் தைப்பதோடு நில்லாமல் ஆயத்த ஆடைகளையும் அணிகலன்களையும் விற்பதற்குத் தம் நிறுவனங்களிலேயே சிறு கடை வைத்தபோது, அதற்கு இப்பெயரையே இட்டனர். 1950களிலும் 60களிலும் இலண்டன் இளைஞர்கள் மொய்த்த நவநாகரிக உடைக்கடைகளுக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. அவ்வகைக் கடைகளுள் முன்னோடியான ஒன்றை 1955இல் ஆங்கில ஆடை வடிவமைப்பாளர் மேரி குவாண்ட் திறந்தபோது ‘பஸார்’ என்று பெயர் வைத்தார் என்பது வேடிக்கை. அங்கே கீழைத்தேயச் சந்தையின் பெயர் நாகரிகமாகத் தோன்றிய காலத்தில், இங்கே ஐரோப்பியப் பெயரின் கீழ் கருவாடு விற்றுக்கொண்டிருந்தோம். 1984இல் நியூயார்க்கில் ‘மோர்கன்ஸ்’ ஹோட்டல் திறக்கப்பட்டதையொட்டி ‘பூட்டிக் ஹோட்டல்’ என்னும் வழக்குப் பரவியது. பாசிக்குடாவிலும் அறுகம் குடாவிலும் நாம் காணும் பலகைகள் அந்த வழியில் வந்தவை. சிறியது என்ற பொருளைத் தவிர அவற்றுக்கும் தங்கள் உறுதிக்கும் பொதுவாக எதுவும் மிஞ்சவில்லை.

கல்லடிப்பாலம்:
ஆகவே தமிழில் ‘கடை’ என்றே எழுதிவிடுங்கள்.

கல்முனையூரான்:
அதில் சிறு திருத்தம். உறுதி கைமாற்றுவது வியாபாரத்தை அன்று, காணியையும் கட்டடத்தையுமே. ஆதலால் ‘கடைக்கட்டடம்’ என்று எழுதி, மூலச் சொல்லை ஓரத்தில் ஒருமுறை குறித்துவைப்பது நல்லது; பின்னாளில் எல்லைப் பிணக்கு வந்து யாரேனும் ஆங்கிலப் படியோடு ஒப்பிட நேர்ந்தால் குழப்பம் இராது.