ஸ்கைரிம் சண்டை ஏன் சப்பென்று இருக்கிறது?

செவ்வாய்ப்பேட்டை வாள்காரன்:
லீவில் ஸ்கைரிம் வீடியோ கேமை மறுபடி எடுத்தேன். 2011இல் வந்தது, உலகம் இன்னும் அழகுதான், ஆனால் சண்டை? இரண்டு கையாலும் தூக்கும் கோடாலியைக் கொள்ளைக்காரன் தோளில் இறக்குகிறேன், அவன் எதுவும் நடக்காத மாதிரி நின்று திருப்பி வெட்டுகிறான், மேலே அவன் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு மட்டும் கொஞ்சம் குறைகிறது. லெஜண்டரி என்ற மிகக் கடினமான நிலையில் நம் அடி கால் பங்கு, வாங்குவது மூன்று மடங்கு. இது கடினம் இல்லை, இழுவை. 2006லேயே ஆர்கேன் கம்பெனி செய்த டார்க் மெசையா கேமில் ஓர்க் என்ற அரக்கனை ஒரு உதை விட்டால் உருண்டு விழுவான், சுவரில் இருக்கும் முள்ளில் மாட்டுவான், தரையை உறைய வைத்தால் வழுக்குவான். அடி வாங்கியவன் அடி வாங்கியவன் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்காடு வில்லாளி:
அண்ணா, திரும்பும் இடமெல்லாம் அந்த முள் பலகையை யார் கொண்டுவந்து வைத்தது? பாதி கேம் தாண்டினால் உதைதான் ஒரே ஆயுதம். ஸ்கைரிமில் நான் இருட்டில் பதுங்கி வில்லால் முடிக்கிறேன். ஆரம்பத்தில் அம்பு அம்பாக வாங்கிய அதே மாதிரி ஆள் இப்போது ஒன்றிலேயே விழுகிறான், அந்த வளர்ச்சிதான் ருசி. இதே வரிசையின் பழைய கேம் மோரோவிண்டில் (2002) இதை இன்னும் நேர்மையாகச் செய்தார்கள். வாள் பட்டதா என்பதே நம் திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், களைப்பு எல்லாம் சேர்த்துப் போடும் தாயம்.

அம்மாபேட்டை 636:
தாயம் போட திண்ணை போதுமே 😄 மேலிருந்து பார்க்கும் கேமில் குறி தப்பினால் ஒத்துக்கொள்வேன். முதல் ஆள் பார்வையில் கேமராதான் என் கண். மோரோவிண்டில் வாள் நண்டின் ஓட்டுக்குள் போவதைப் பார்க்கிறேன், கேம் படவில்லை என்கிறது. எதை நம்புவது?

வாள்காரன் அண்ணா சொன்னதும் பாதிதான். எதிரி துள்ளினால் போதாது, என் கைக்கும் தெரிய வேண்டும். நல்ல கேமில் வெட்டு பட்ட கணத்தில் சில பிரேம் (திரையில் ஓடும் தனிப் படங்கள்) அசைவை நிறுத்திப் பிடிப்பார்கள், கவசம் என்றால் வாள் அங்கேயே நிற்கும், சதை என்றால் இழுத்துக்கொண்டு போகும், சத்தமும் வேறு. நாலு பேர் சேர்ந்து எலி மனிதர்களோடு மோதும் வெர்மின்டைட் 2ஐ (2018) ஹெட்போன் போட்டு ஆடுங்கள். பின்னால் எலி ஓங்கும்போது தனிச் சத்தம் வரும், திரும்பாமலே விலகலாம். இந்தப் பார்வையில் முதுகுப்பக்கம் தெரியாது, அந்தக் குறையைக் காதால் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாள்காரன்:
எல்லோரிடமும் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? என் லேப்டாப்பில் நொடிக்கு 25 பிரேம் வந்தாலே பெரிது. சரியான நொடியில் தடு, விலகு என்பதெல்லாம் அதில் லாட்டரி. உதைக்கு அது வேண்டாம், எங்கே நிற்கிறோம் என்ற யோசனை போதும். வில்லாளி, பலகையை அவர்கள் வைத்தார்கள், சரி. அவனை அங்கே இழுத்து வந்தது நான்.

ஏற்காடு வில்லாளி:
மந்திரத்தை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். அதே ஆர்கேனின் முதல் கேம் ஆர்க்ஸ் ஃபடாலிஸ் (2002), அதில் ரூன் என்ற மந்திர எழுத்துகளை மவுஸால் காற்றில் வரைய வேண்டும். பதற்றத்தில் கோடு கோணினால் மந்திரம் வராது. அதனால் மூன்று மந்திரம் வரை முன்பே வரைந்து வைத்துக்கொள்ளலாம். கதவைத் திறக்கும் முன் என்ன தயார் செய்தேன் என்பதில்தான் எனக்குச் சண்டை. இங்கே மழை பிடித்துவிட்டது, கரண்ட் போகும் முன் போஸ்ட் போடுகிறேன்.

அம்மாபேட்டை 636:
அதே கம்பெனி நாலு வருடம் கழித்து டார்க் மெசையா செய்தபோது அந்த வரையும் வேலையை ஏன் விட்டது? ஓர்க் ஓடி வரும்போது கோடு போட யாருக்குப் பொறுமை! தம்பி, மலையிலிருந்து இறங்கினால் சொல்லுங்கள், ஐந்து ரோடு பக்கம் நாங்கள் வெர்மின்டைட் ஆடுகிறோம். கெரில்லியன் என்ற எல்ஃப் வில்லோடுதான் வருவாள், அவளை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நாலாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.